17 எடுத்த பிள்ளையும் 2 எடுத்த பிள்ளையும்

வன்னியில் ஒரு பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரின் பெயரையும் பாடசாலையின் பெயரையும் எழுதாமல் விட்டிருக்கிறேன். ஆள் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

கடிதத்தின் சுருக்கம் இது. இரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்த கையோடு, பதகளிப்பை அளக்கும் ஏழு கேள்விப் படிவம் ஒன்றை இணையத்தில் தேடித் தமிழில் எடுத்திருக்கிறார். போட்டோக்கொப்பி அடித்து, தரம் 10 இல் இருந்த 38 பிள்ளைகளுக்கும் கொடுத்திருக்கிறார். அப்போது தவணைப் பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. படிவத்தின் மேலே பெயரும் எழுதச் சொல்லியிருக்கிறார். புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் 13 பேர் 10 அல்லது அதற்கு மேல். அவர்களில் நாலு பேர் 15 ஐத் தாண்டியவர்கள். காலைக் கூட்டத்தில் இரண்டு தடவை மயங்கி விழுந்த ஒரு பெண்பிள்ளைக்கு 17. தாயைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது அவர் கொதித்துவிட்டாராம்: “உங்கட பேப்பரில என்ர பிள்ளைக்கு விசர் எண்டு வந்திருக்கோ? நாங்கள் செல்லடிக்குள்ள, பங்கருக்க கிடந்து தப்பி வந்தனாங்கள். உவைக்கு மூண்டு நேரமும் சோறு கிடைக்குது, பிறகென்ன பதகளிப்பு?” அதற்குப் பிறகு மூன்று நாள் பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை.

இன்னொரு பையன். திங்கட்கிழமைகளில் வரமாட்டான், வந்தாலும் வயிற்றுக்குத்து என்று பாதியில் வீட்டுக்குப் போவான். அவனுக்கு வந்த புள்ளி 2. இதற்கிடையில் அதிபர், வலயக் கூட்டத்தில் காட்டுவதற்குப் பட்டியலைக் கேட்கிறார். உதவி நிறுவனம் ஒன்றும் “பேர்களைத் தாங்கோ, நாங்கள் ஒரு நிகழ்ச்சி செய்யிறம்” என்கிறது.

ஆசிரியை கேட்பது: 13 பேரும் நோயாளிகளா? எல்லாரையும் வைத்தியசாலைக்கு அனுப்பவா? பட்டியலைக் கொடுக்கலாமா? “இல்லையெண்டால் எல்லாத்தையும் கிழிச்சு எறிஞ்சிட்டுப் பேசாமல் இருக்கட்டோ?”

அன்புள்ள ரீச்சர்,

கிழிக்க வேண்டாம். பூட்டுள்ள அலுமாரியில் வையுங்கள், திறப்பு உங்களிடம் மட்டும் இருக்கட்டும். மற்றதை ஆறுதலாகப் பேசுவோம்.

மாவட்ட வைத்தியசாலை ஒன்றின் மனநலப் பிரிவில் இருந்து இதை எழுதுகிறேன். உங்களைப் போல ஒருவர் படிவம் கொடுத்ததால் எங்களிடம் வந்து சேர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படி வராவிட்டால் இன்னும் இரண்டு மூன்று வருடம் ‘வயிற்றுக்குத்து’ என்றும் ‘தலையிடி’ என்றும் வெளிநோயாளர் பிரிவில் பனடோல் வாங்கிக்கொண்டு திரிந்திருப்பார்கள். அதனால் நீங்கள் செய்தது பிழை என்று சொல்ல வரவில்லை. கொடுத்த விதத்தில் சில பிழைகள் உண்டு. அவற்றைத் திருத்தலாம்.

அந்த ஏழு கேள்விகள் எதை அளக்கின்றன?

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அது 2006 இல் வெளியான ஜிஏடி-7 என்ற படிவம். கடந்த இரண்டு கிழமைகளில் இன்ன இன்ன தொந்தரவு எத்தனை நாள் இருந்தது என்று ஏழு விஷயங்களைக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21. ஐந்திலிருந்து இலேசானது, 10 இலிருந்து நடுத்தரம், 15 இலிருந்து கடுமையானது என்று கோடு போட்டிருக்கிறார்கள். இலவசம், இரண்டு நிமிட வேலை. அதனால்தான் உலகம் முழுக்கச் சுற்றுகிறது.

ஆனால் அந்தக் கோடுகளைப் போட்டது அமெரிக்காவில் குடும்ப வைத்தியர்களிடம் வந்த வளர்ந்தவர்களை வைத்து. பதின்ம வயதினரிலும் பிறகு பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள், ஓரளவு வேலை செய்கிறது. இருந்தாலும் 10 என்பது நெற்றியில் ஒட்டும் சீட்டு இல்லை. ‘இந்தப் பிள்ளையுடன் ஒருக்கால் இருந்து கதைத்துப் பார்’ என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது.

உங்கள் வகுப்பையே எடுத்துக் கணக்குப் பார்ப்போம். அந்த முதல் ஆய்வில், பொதுப் பதகளிப்பு நோய் (எதைப் பற்றியும் ஓயாமல் யோசித்து அந்தரப்படுகிற வகை) உண்மையில் இருந்தவர்களில் 100க்கு 89 பேர் 10 அல்லது அதற்கு மேல் எடுத்தார்கள். அது இல்லாதவர்களில் 100க்கு 82 பேர் 10க்குக் கீழே நின்றார்கள். மிச்சம் 18 பேர் நோய் இல்லாமலே மேலே போனார்கள். உங்கள் 38 பேரில் நாலு பேருக்கு அந்த நோய் இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். படிவம் அந்த நாலில் மூன்று நாலு பேரைப் பிடிக்கும். மிச்ச 34 பேரிலும் ஆறு பேரைச் சேர்த்துப் பிடிக்கும். கூட்டினால் பத்துப் பேர். பரீட்சை, அதுவும் அடுத்த கிழமை என்பதையும் சேர்த்தால் உங்கள் 13 ஒன்றும் வியப்பான கணக்கில்லை. நான் பத்தாம் வகுப்பில் கணிதப் பரீட்சைக்கு முதல் கிழமை இந்தப் படிவத்தை நிரப்பியிருந்தால் 15க்குக் குறையாது.

அதற்காக மேலே போன மற்றவர்கள் எல்லாரும் ‘சும்மா’ என்று ஒதுக்கிவிடவும் கூடாது. மனச்சோர்வு, வீட்டில் அடி, நித்திரையின்மை, வேறு விதமான பயங்கள் எதுவும் புள்ளியை ஏற்றும். இரத்தச்சோகையிலும் நெஞ்சு படபடக்கும்; தைரொயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்தால் அதோடு கை நடுங்கும், ஓரிடத்தில் இருக்க ஏலாமல் வரும். முட்டுக்கு இழுக்கிற பம்பை அளவுக்கு மிஞ்சிப் பாவித்தாலும் அப்படித்தான். இதில் எது என்று படிவம் பிரித்துச் சொல்லாது.

இனி 2 எடுத்த பையன். அவனுடைய படிவத்தைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன்: மேலே ஒன்றுக்கு மட்டும் இரண்டு போட்டுவிட்டு, மிச்ச ஆறு கேள்விக்கும் சேர்த்துப் பூச்சிய நிரலில் மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுத்திருக்கிறான் என்று. வாசித்து நிரப்பிய பிள்ளை அப்படிக் கோடு இழுக்காது. பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்க்கிறான், பெயரும் மேலே இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு பதினைந்து வயதுப் பையன் வேறு என்னதான் செய்வான்?

அவன் உண்மையாகவே நிரப்பியிருந்தாலும் புள்ளி ஏறியிருக்காமல் போகலாம். இந்த ஏழு கேள்விகளும் எதைப் பற்றியும் ஓயாமல் யோசிக்கிற வகைப் பதகளிப்பைத்தான் முக்கியமாகத் தேடுகின்றன. நாலு பேர் முன்னால் எழும்பிப் பேசப் பயமா, வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைக்குமா, பாடசாலை என்றாலே வயிற்றைப் புரட்டுமா என்று அதில் ஒரு கேள்வியும் இல்லை. பிள்ளைகளுக்கென்றே செய்த நீளமான படிவங்கள் இருக்கின்றன. ‘ஸ்கேயர்ட்’ என்பதில் 41 கேள்விகள், பிள்ளைக்கு ஒன்று, தாய் தகப்பனுக்கு ஒன்று என்று இரண்டு வடிவம். கூட்டத்தைக் கண்டு பயப்படுவதும் பாடசாலைக்குப் போக மறுப்பதும் அதில் தனித்தனியாக வரும். பிள்ளை தருகிற புள்ளியும் தாய் தருகிற புள்ளியும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை என்பதும் அதைப் பாவித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில் யார் பொய் சொல்கிறார் என்று தேட வேண்டாம். உள்ளே நடப்பது பிள்ளைக்குத்தான் தெரியும். முகம் வாடுவதும் சாப்பாட்டைத் தள்ளி வைப்பதும் தாய்க்குத்தான் தெரியும்.

எங்கட தமிழ் இல்லாத தமிழ்

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். என் கணக்கில் இதுதான் பெரிய பிழை.

படிவத்தில் ‘பதட்டம்’ என்று இருக்கிறது. “ரீச்சர், அப்பிடியெண்டால் என்ன?” என்று ஒரு பிள்ளை கேட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியில் ‘கவலைப்படுதல்’. எங்கள் பக்கத்தில் கவலை என்றால் துக்கம், செத்தவீட்டில் வருவது. ஆங்கிலக் கேள்வி தேடுகிற சாமானை நாங்கள் ‘யோசினை’ என்போம். “அவ சரியா யோசிக்கிறா” என்று ஒரு தாய் சொன்னால் மகள் கணக்குச் செய்கிறாள் என்றா விளங்கிக்கொள்கிறோம்? நெஞ்சு நிலைகொள்ளாமல் இருப்பதற்கு ‘அந்தரம்’ என்று அருமையான சொல் இருக்கிறது. திடுக்கிட்டுப் பயந்து அப்படியே உறைந்து போவதை ‘ஏங்கிப் போச்சு’ என்கிறோம். படிவத்தைத் தமிழாக்கியவருக்கு இந்தச் சொற்கள் எட்டவில்லை. அவர் தன் ஊர்த் தமிழில் செய்திருக்கிறார், அவரைக் குறை சொல்ல முடியாது.

இதையெல்லாம் விட மோசம், பதில் நிரல்களில் மூன்றாவது: ‘பாதிக்கும் மேற்பட்ட நாட்கள்’. இதை ஒருக்கால் பிள்ளையின் கண்ணால் வாசித்துப் பாருங்கள். பாதி நாளுக்கு மேல் என்பதுதான் கருத்து. நாங்கள் பாதி என்று எங்கே சொல்கிறோம்? அரைவாசி என்றல்லவா சொல்வோம். ஆகவே பிள்ளைக்கு அது ‘என்னைப் பாதிக்கும் நாட்கள்’ என்று விளங்கும். எங்கள் கிளினிக்கில் ஒரு பெண்பிள்ளை அப்படித்தான் வாசித்தாள். “டொக்டர், சோதனை நாளெண்டால் பாதிக்கும்தானே” என்று ஏழு கேள்விக்கும் அதையே போட்டிருந்தாள். ஏழு இரண்டு பதினாலு. அன்றைக்கு அவளுக்கு இருந்தது பல்வலி.

ஆகவே உங்கள் 13 பேரில் எத்தனை பேர் இந்தச் சொல்லில் விழுந்தவர்கள் என்று பாருங்கள். ஒரே நிரலில் ஏழு புள்ளடியும் நிற்கும் படிவங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். அந்தப் பிள்ளைகளிடம் கேள்வியை வாயால் கேட்டுப் பார்த்தால் புள்ளி இறங்கினாலும் இறங்கும்.

வன்னியில் ஒரு படிவம்

ஒரு தாள், மேலே பெயர், கீழே பெட்டிகள். வேறு ஊரில் அது வெறும் தாளாக இருக்கலாம். எங்களுக்கு அப்படியா? 2009 இல் முகாமுக்குள் போகப் பதிவு, வெளியில் வரப் பதிவு, நிவாரணத்துக்குப் பதிவு, மீள்குடியேற்றத்துக்கு, வீட்டுத்திட்டத்துக்கு, காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேட என்று எத்தனை பதிவு. சில வீடுகளில் அந்தத் துண்டுகள் எல்லாம் இன்னும் பொலித்தீன் பையில் சுற்றி, அலுமாரியின் அடித்தட்டில் இருக்கின்றன. உங்கள் தரம் 10 பிள்ளைகள் அந்தக் காலத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனாலும் ‘பேரெழுதிக் குடுத்தால் ஏதாவது உதவி வரும்’, ‘பேரெழுதிக் குடுத்தால் ஏதாவது வில்லங்கம் வந்து சேரும்’ என்ற இரண்டு பேச்சையும் கேட்டு வளர்ந்தவர்கள். முதலாவதை நம்புகிற பிள்ளை கூட்டிப் போடும். இரண்டாவதை நம்புகிற பிள்ளை கோடு இழுக்கும்.

பயத்தின் காரணம் தாளில் வராது என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். ஏழாவது கேள்வி, ஏதோ பயங்கரமானது நடக்கப்போகிறது என்ற பயம். ஒரு பையன் அதற்கு 3 போட்டிருந்தான், ஒவ்வொரு நாளும் என்று. இருத்திக் கேட்டால், வயலுக்கு யானை இறங்குகிறது. அப்பா இரவில் காவல் கொட்டிலில் படுக்கிறார். போன மாதம் பக்கத்து வயல்காரரை யானை தூக்கி எறிந்தது. அந்தப் பயத்துக்கு என்னிடம் மருந்தில்லை. யானை வேலிக்காரரைத்தான் கேட்க வேண்டும். அப்படித்தான், கிழமைக்கு ஒருக்கால் குழுக்கடன் கேட்டு ஆள் வந்து படலையில் நிற்கிற வீட்டுப் பிள்ளைக்கும் நெஞ்சு இடிக்கும். அந்தப் பிள்ளைகளுக்கும் உதவி வேண்டும். ஆனால் நோயாளி என்று பெயர் வைத்தால் பாரம் ஒன்று கூடுமே தவிரக் குறையாது.

எதைக் கேட்டால் ‘நோய்’ என்ற சொல்லுக்குக் கிட்டப் போகலாம்? மூன்று விஷயம் கேட்பேன். எத்தனை காலமாக? பரீட்சை முடிந்த பிறகும், விடுமுறையிலும் இருக்கிறதா? அதனால் எதை விட்டுவிட்டாய்? மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். பயம் எல்லாருக்கும் வரும். பயத்தால் பாடசாலையை, சிநேகிதியை, சாப்பாட்டை, நித்திரையை விட்ட பிள்ளையைத்தான் நாங்கள் தேடுகிறோம். அந்த அளவில் பார்த்தால், 2 எடுத்த பையன் உங்கள் பட்டியலில் முதல் ஆள்.

பட்டியல் யாருக்கு?

யாருக்கும் இல்லை. அதிபருக்கு எண்ணிக்கை போதும்: ‘38 பேரில் 13 பேருடன் மேற்கொண்டு கதைக்க வேண்டியிருக்கிறது, அதற்கு எனக்குக் கிழமைக்கு இரண்டு பாடவேளையும் கதவு சாத்தக்கூடிய ஒரு அறையும் தேவை.’ வலயக் கூட்டத்தில் பேசுவதற்கு அவருக்கு இது பெயர்களை விடப் பயன்படும். வற்புறுத்தினால், பிள்ளைகளின் உடல் மன நலம் பற்றிய தகவலை 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விசேட வகைத் தகவலாக வைத்திருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லுங்கள். சட்டத்தை முழுதாக நடைமுறைக்குக் கொண்டுவருவதில் இழுபறி இருந்தது, அது வேறு கதை. சட்டம் இல்லாவிட்டாலும் நியாயம் அதுதான். பெயர் எழுதின பிள்ளை உங்களை நம்பித்தான் எழுதியது.

நிறுவனத்துக்கும் பெயர் கொடுக்க வேண்டாம். அவர்கள் நல்ல மனத்தோடு கேட்கலாம். 13 பிள்ளைகளை மட்டும் வானில் ஏற்றி ‘நிகழ்ச்சி’க்குக் கொண்டுபோனால் அன்று பின்னேரமே ஊருக்குத் தெரியும், அந்தப் பெண்பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசும்வரைக்கும் நிற்கும். செய்வதென்றால் வகுப்பு முழுவதற்கும் செய்யட்டும்.

இரகசியத்துக்கு ஒரு எல்லை உண்டு, அதையும் பிள்ளைக்குக் கதை தொடங்க முதலே சொல்லுங்கள்: ‘நீ சொல்வதை நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் உனக்கு ஆபத்து, அல்லது யாரோ உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்றால், உன்னைக் காப்பாற்றத் தேவையான ஆளுக்கு மட்டும் சொல்வேன். அதையும் உனக்குச் சொல்லிப்போட்டுத்தான் சொல்வேன்.’ துஷ்பிரயோகம் என்று தெரிந்தால் சிறுவர் உதவி இலக்கமான 1929 க்கு அழையுங்கள். அதிலே தயக்கம் வேண்டாம்.

இந்த ஏழு கேள்விகளிலும் உயிரை மாய்க்கும் எண்ணம் பற்றி எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். அது வேறு படிவத்தில் வரும் கேள்வி. ஆகவே புள்ளி குறைவு என்றால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தனியாக இருத்தி, நேராகக் கேட்க வேண்டும்: ‘இருந்தென்ன, செத்தால் நல்லது எண்டு எப்பவாவது வந்திருக்கா?’ கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடும் என்று பல ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்டதே ஆறுதல் என்று சொன்ன பிள்ளைகள்தான் கூட. ‘ஓம்’ என்று சொன்னால் அன்றைக்கே பெற்றோர், அன்றைக்கே வைத்தியசாலை, பிள்ளை தனியே இருக்கக்கூடாது, வீட்டில் வயல் மருந்தும் மாத்திரைகளும் பூட்டுக்குள் போக வேண்டும். இரவென்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

இனி என்ன செய்யலாம்?

எல்லாரையும் அனுப்ப வேண்டாம். 13 பேரை ஒரே நாளில் அனுப்பினால் எங்கள் கிளினிக்கில் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது, பிள்ளைகள் மருந்துக் கடதாசியோடு திரும்பி வருவார்கள். அமெரிக்காவின் தடுப்புச் சேவைக் குழு 8 முதல் 18 வயது வரையானவர்களுக்குப் பதகளிப்பைத் தேடிப் பார்க்கச் சொல்லி 2022 இல் பரிந்துரைத்தது. அது சரிதான், ஆனால் அங்கே தேடிக் கண்டுபிடித்தால் அனுப்புவதற்கு ஓர் இடம் இருக்கிறது. எங்களுக்கு ஆள் குறைவு. முதல் வடிகட்டல் உங்கள் கையில்தான்.

பரீட்சை முடிந்து இரண்டு கிழமை போகட்டும். ஆனால் 15 ஐத் தாண்டிய நாலு பேரோடும் அந்தப் பையனோடும் காத்திருக்காமல் இந்தக் கிழமையே கதையுங்கள். மற்றவர்களுக்கு அதே ஏழு கேள்வியை, பெயரைப் படிவத்தில் எழுதாமல், தனித்தனியாக வாயால் கேட்டு நீங்களே குறியுங்கள். இரண்டாம் தடவை புள்ளி பொதுவாகவே கொஞ்சம் இறங்கும். உங்கள் ஆலோசனையால் இறங்கியது என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள், எழுதச் சொல்லிக் கேட்பவர்கள் இருப்பார்கள். அப்போதும் 10 ஐத் தாண்டி, ஏதோ ஒன்றை விட்டும் இருக்கிற பிள்ளைகளை எங்களிடம் அனுப்புங்கள். மூன்று நாலு பேருக்கு மேல் வராது என்று நினைக்கிறேன். பார்ப்பது இலவசம். முதல் மருந்து மாத்திரை இல்லை. கதைத்து, பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்குவதுதான் முதல். சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும், அதைப் பெற்றோரோடு இருந்துதான் முடிவெடுப்போம்.

ஒன்றை மட்டும் நிறுத்துங்கள். 17 எடுத்த பிள்ளையை வகுப்பில் வாசிக்கச் சொல்வதில்லை, கூட்டத்துக்கும் வரவேண்டாம் என்று விட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அன்பால் செய்தது. ஆனால் ஒவ்வொரு தடவை விலகும்போதும் பயம் ஒரு அங்குலம் வளரும். முதல் நாள் உங்களுக்கு மட்டும் வாசிக்கட்டும், பிறகு ஒரு சிநேகிதியோடு, பிறகு மூன்று பேருக்கு. கூட்டத்தில் கடைசி வரிசையில், நிழலில், காலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு நிற்கட்டும்.

சாப்பாட்டைச் சொன்னேன், அதோடு தாயிடம் வருவோம். அவரைப் ‘புரியாத மனுசி’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செல்லடிக்குள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒருவரிடம், அவருடைய வீட்டுக்குள்ளேயே பயம் இருக்கிறது என்று ஒரு இலக்கத்தைக் காட்டிச் சொல்லியிருக்கிறோம். தான் காப்பாற்றியது போதவில்லை என்று அவருக்குக் கேட்டிருக்கும். அவரையே இருத்தி நித்திரை எப்படி என்று கேட்டால் என்ன வருமோ, யாருக்குத் தெரியும்?

வீட்டுக்குப் போங்கள். படிவத்தைக் கொண்டுபோக வேண்டாம். 17 என்ற சொல்லே வேண்டாம். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: ‘அம்மா, பிள்ளை இரண்டு தரம் மயங்கி விழுந்தவ. காலமை சாப்பிடாமல் வாறா. இரத்தம் சோதிச்சுப் பாப்பம்.’ இது தந்திரம் இல்லை, உண்மையாகவே சோதிக்க வேண்டியது. மயங்கி விழுகிற பிள்ளைக்கு இரத்தத்தையும் தைரொயிட்டையும் பார்க்காமல் மனப் பதகளிப்பு என்று நானும் எழுதமாட்டேன். வந்த பிறகு மிச்சத்தை நாங்கள் கதைப்போம். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்து நூல் கட்டியிருக்கிறோம் என்று அவர் சொன்னால் தலையாட்டுங்கள். நூலும் இருக்கட்டும், இரத்தச் சோதனையும் நடக்கட்டும்.

அடுத்த முறை செய்வதாக இருந்தால் பெற்றோருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் அனுப்புங்கள், விருப்பமில்லாத பிள்ளை வெறுந்தாளாகத் தரலாம் என்று சொல்லுங்கள். அதற்கு முதல், ஏழு கேள்விகளையும் வகுப்பில் நாலைந்து பிள்ளைகளிடம் கொடுத்து, ‘இதை உன்ர அம்மம்மாவுக்கு எப்பிடிச் சொல்லுவாய்?’ என்று கேட்டு எழுதுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அதை வைத்துப் புள்ளியை ஆங்கிலக் கோடுகளோடு ஒப்பிட முடியாது, அதற்கு வேறு வேலை இருக்கிறது. ஆனால் கதை தொடங்க அது போதும்.

அந்தப் பையனிடம் படிவம் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். அவனுக்குச் சைக்கிள் திருத்தத் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் சைக்கிளின் செயினை அவனிடம் காட்டுங்கள், ஞாயிறு பின்னேரம், அவன் வீட்டடியில். செயினைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது, முகத்தைப் பார்க்காமல், ‘திங்கட்கிழமை முதல் பாடம் என்ன?’ என்று கேளுங்கள். பதில் வர நேரமெடுக்கும். இருந்து பாருங்கள்.